ஆயில் சேம்பர் கழற்றி மாட்டியும் சொட்டு நிற்கவில்லை – மாருதி ஆம்னி, 796 சிசி

ஆம்னி_பவானி

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் வீட்டு ஆம்னிக்கு ஆயில் ஒழுகுகிறது. எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) எஞ்சின். மஞ்சள் மண்டிக்குப் போகவர, தோட்டத்துக்குச் சாமான் ஏற்ற என்று தினமும் ஓடுகிற வண்டி.

பட்டறையில் விட்டேன். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றி, விளிம்பில் கசிவை அடைக்கும் பேஸ்ட் போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் காய்ந்து இருந்தது, அப்புறம் பழையபடி சொட்ட ஆரம்பித்துவிட்டது. திரும்பக் கொண்டுபோனதும் போல்ட்டுகளை எல்லாம் இன்னும் ஒரு பிடி இறுக்கி அனுப்பினார்கள். இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில்.

பேஸ்ட் சரியில்லையா? நடுவில் வைக்கிற பேக்கிங் (கேஸ்கட்) தனியாக வாங்கிப் போடலாமா? இல்லை, சேம்பரையே புதிதாக மாற்றிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_சத்தம்

சேம்பரை மறுபடி தொடுவதற்கு முன்னால், ஒழுகுவது சேம்பர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினில் எங்கே கசிந்தாலும் ஆயில் கடைசியில் வந்து தொங்குவது சேம்பரின் அடியில்தான். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாக வேறு தள்ளிவிடும். அதனால் சொட்டு விழும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மேலேயிருந்து பாருங்கள். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டரின் ரப்பர், கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் முன்பக்க கிராங்க் சீல், பின்பக்க கிராங்க் சீல், ஆயில் வடிக்கும் ட்ரெயின் பிளக் வாஷர் என எல்லாமே சந்தேகத்துக்குரிய இடங்கள். பின்பக்க சீல் போயிருந்தால் கிளட்ச் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டும். சேம்பரை எத்தனை தடவை ஒட்டினாலும் அது நிற்காது.

செலவில்லாத சோதனை ஒன்று. எஞ்சினின் அடிப்பாகத்தையும் பக்கவாட்டையும் டீசல் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சேம்பர் விளிம்பைச் சுற்றியும் அதற்கு மேலேயும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். மிக உயரத்தில் இருக்கும் ஈரத்தைத் தேடுங்கள், பெரிய ஈரத்தை அல்ல.

நெடுஞ்சாலை_டீசல்

நான் லாரி வேலை பார்த்து வளர்ந்தவன். இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பேக்கிங் வாங்கி, இரண்டு பக்கமும் ஷெல்லாக் (அரக்குப் பசை) தடவி மாட்டுங்கள். ஒரு சொட்டு வராது. இந்த சிலிக்கான் பேஸ்ட் வந்த பிறகுதான் எல்லா வண்டியும் ஒழுகுகிறது.

பட்டடை

அண்ணா, லாரி எஞ்சினில் ஷெல்லாக் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. கனமான வார்ப்பு சேம்பர், மெஷின் செய்த முகம், நடுவில் காகிதப் பேக்கிங். இரண்டு பக்கமும் அசையாது. ஷெல்லாக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும், அங்கே அது குறையில்லை. ஆம்னியில் இருப்பது தகடு அழுத்திச் செய்த சேம்பர். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, எஞ்சின் அதிர்வில் லேசாக வளைந்துகொண்டே இருக்கும். அதில் கெட்டியாகக் காயும் எதுவும் விரிசல் விடும். ரப்பர் போல இழுபடும் சிலிக்கான்தான் அதற்குச் சரி.

பவானிக்காரருக்கு: உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது "இன்னும் ஒரு பிடி இறுக்கினார்கள், அதிகமாகிவிட்டது" என்பதுதான். என் அனுபவத்தில் தகட்டு சேம்பர் திரும்பத் திரும்ப ஒழுகுவதற்கு பேஸ்ட்டின் பிராண்டு காரணமாக இருப்பது அபூர்வம். விளிம்பு நேராக இல்லாததுதான் காரணம்.

சேம்பரின் விளிம்பு மெல்லிய தகடு. போல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்கினால், போல்ட் தலை அழுத்தும் இடத்தில் தகடு எஞ்சின் பிளாக்கை நோக்கிக் குமிழ் போல மேலே எழும்பிவிடும். அப்போது போல்ட்டு துளையைச் சுற்றி மட்டும் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் தகடு கீழே விலகி இடைவெளி விடும். இன்னும் இறுக்க இறுக்க அந்த இடைவெளி பெரிதாகும். ஏற்கெனவே காய்ந்திருந்த பேஸ்ட்டும் அந்த இழுப்பில் பிய்ந்துபோகும். முன்பைவிட அதிகம் ஒழுகுவதற்கு இதுதான் காரணம்.

இந்த போல்ட்டுக்கு சுசுகி சொல்லும் இறுக்கம் 9 முதல் 12 நியூட்டன் மீட்டர். அதாவது ஏறக்குறைய ஒரு கிலோகிராம் மீட்டர். 10-ம் நம்பர் ரிங் ஸ்பேனர் சுமார் 15 செ.மீ. நீளம் இருந்தால், அதன் நுனியில் 6, 7 கிலோ இழுப்பு போதும். மணிக்கட்டு வேலை அது, தோள்பட்டை வேலை இல்லை. ராட்செட்டில் நீளக் கைப்பிடி போட்டு இறுக்கினால் அந்த அளவைத் தாண்டியது கைக்கே தெரியாது.

முதலில் பவுடர் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

ஆம்னி_பவானி

செய்துவிட்டேனுங்க. ஈரம் இரண்டு இடத்தில். டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து ஒரு கோடு பிளாக் வழியாக இறங்குகிறது. அதோடு சேர்ந்து, சேம்பர் விளிம்பில் இடது பக்கம் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் தனியாக ஊறுகிறது. அதற்கு மேலே பவுடர் காய்ந்தே இருக்கிறது. பட்டடை சொன்ன மாதிரி போல்ட்டுகளுக்கு இடையில்தான்.

ஸ்பேனர்_சத்தம்

அப்படியானால் இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள். டேப்பட் கவர் பேக்கிங் விலை குறைவு, அரை மணி நேர வேலை.

கூடவே இன்னொன்று. எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போகும் பிரீதர் குழாயும், உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்திலெல்லாம் ஆயிலை வெளியே தள்ளும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அது வேறு பெரிய வேலை.

ஆம்னி_பவானி

பிரீதர் குழாயில் கறுப்பாகக் கசடு கட்டியிருந்தது, கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். மூடியைத் திறந்தால் புகை பெரிதாக இல்லை. இந்தத் தடவை சேம்பர் வேலையைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யலாம் என்றிருக்கிறேன். முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

பட்டடை

சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், இதில் பேஸ்ட் பூசும் வேலை மிகச் சிறியது.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.

ஆயிலைச் சூடாக இருக்கும்போது வடியுங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் கீழ்த்தட்டைக் கழற்றினால்தான் பின்பக்க போல்ட்டுகளுக்கு இடம் கிடைக்கும். போல்ட்டுகளை எடுத்த பிறகும் சேம்பர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். விளிம்பில் ஒரு சின்ன வளைவு விழுந்தாலும் அடுத்த ஒழுக்குக்கு அதுவே இடம். மெல்லிய புட்டி பிளேடு ஒன்றை இடுக்கில் தட்டி நுழைத்து, பக்கவாட்டில் நகர்த்தி, பழைய பேஸ்ட்டை அறுத்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கம் விட்டுவிட்டால் தானாக இறங்கும்.

இறக்கியதும் பிளாக்கிலிருந்து சொட்டுவது நிற்கும்வரை விட்டுவிடுங்கள். முடிந்தால் ராத்திரி முழுவதும். நீங்கள் துடைத்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் எடுத்து வருவதற்குள் உள்ளேயிருந்து ஒரு துளி இறங்கி விளிம்பில் பரவிவிட்டால் அந்த இடத்தில் சிலிக்கான் ஒட்டாது. ஆயில் பட்ட இடத்தில் சிலிக்கான் ஒட்டாது, பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கானும் ஒட்டாது. வெளியிலிருந்து விளிம்பைச் சுற்றிப் பேஸ்ட் அப்பி விடுகிற வேலை நிற்காமல் போவது இதனால்தான்.

பழைய பேஸ்ட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். பிளாக் முகம் அலுமினியம் என்றால் இரும்பு பிளேடு கீறல் போடும். கிரைண்டரில் மாட்டும் உரசு பேடு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள் ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்கு இதைத் தனியாக எழுதியே எச்சரித்திருக்கிறது. கடைசியில் பிரேக் கிளீனர் அடித்து, நூல் உதிராத துணியால் துடையுங்கள். துணியில் கறை வராத வரைக்கும் துடைக்க வேண்டும். போல்ட்டுத் துளைகளையும் காயவையுங்கள். அடி மூடிய துளையில் ஆயில் தேங்கியிருந்தால் போல்ட் முழுக்க இறங்குவதற்கு முன்பே இறுகிய மாதிரி காட்டும்.

இப்போது சேம்பர். விளிம்பு கீழே படும்படி தடிமனான கண்ணாடி மேல் கவிழ்த்து வையுங்கள். ஆடுகிறதா? விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு எங்கெங்கே நுழைகிறது? உங்கள் வண்டியில் போல்ட்டுத் துளைகள் எல்லாம் குமிழ்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சேம்பரை நிமிர்த்தி, விளிம்பின் அடிப்பக்கத்தைப் பட்டடைக்கல் மேலோ, ரயில் துண்டு மேலோ தட்டையாக உட்கார வைத்து, மேலே எழும்பிய குமிழைப் பால்பீன் சுத்தியால் தட்டித் தட்டி இறக்குங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். துளைக்குத் துளை கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போங்கள். அடித்தட்டு நசுங்கியோ, துருவில் மெலிந்தோ இருந்தால் புதிது வாங்குவதுதான் சரி. விளிம்பு வளைவுக்காக மட்டும் புது சேம்பர் தேவையில்லை.

சேம்பர் கீழே இருக்கும்போதே பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஆயில் ஸ்ட்ரெய்னரைக் கழற்றி வலையைப் பாருங்கள். அதன் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள். அந்த ரிங் காய்ந்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும்.

பேஸ்ட்: விளிம்பின் நடுவில், போல்ட்டுத் துளைகளுக்கு உட்புறமாக, 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடு. எங்கேயும் அறுபடக் கூடாது, தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டாம். மேல்தோல் காய்வதற்குள், ஐந்து நிமிடத்துக்குள் சேம்பரை நேராகத் தூக்கி வைத்துவிடுங்கள். வைத்த பிறகு இப்படி அப்படி நகர்த்தக் கூடாது. எல்லா போல்ட்டையும் விரலாலேயே ஏற்றிவிட்டு, நடுவில் இருக்கும் போல்ட்டிலிருந்து ஆரம்பித்து, மாறி மாறி இரண்டு பக்க ஓரங்களை நோக்கிப் போங்கள். இரண்டு சுற்றாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் 10 நியூட்டன் மீட்டரில் வையுங்கள்.

அதற்குப் பிறகு மறுபடி இறுக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து "ஒரு பிடி பார்த்துவிடலாம்" என்று கை வைத்தால் காய்ந்த பேஸ்ட் பிய்ந்துவிடும்.

கருப்பு_டப்பா

எந்த பேஸ்ட் வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே? கடையில் அனபாண்ட் 666 கொடுக்கிறார்கள். லாக்டைட், பெர்மடெக்ஸ் என்று விலை கூடியதும் இருக்கிறது. சிவப்பு நல்லதா, கறுப்பு நல்லதா?

பட்டடை

நிறத்தைப் பார்க்காதீர்கள், ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஆயிலைத் தாங்கும் சிலிக்கான் கேஸ்கட் பேஸ்ட்தானா, ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பாதகம் இல்லை என்று போட்டிருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்தால் போதும். சிவப்பு பொதுவாகச் சூடு தாங்குவதற்கானது, ஆயிலைத் தாங்குவதில் கறுப்பு, சாம்பல் வகைகள் மேல். பிதுக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலம் விட்டுக் காயும் வகை. உலோகத்தை அரிக்கும் தன்மை உண்டு. ஆயில் சேம்பருக்கு அந்த வாடை இல்லாத வகையை எடுங்கள்.

லாக்டைட் 518 போன்றவை வேறு ஜாதி. காற்று புகாத இடத்தில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் மட்டும் இறுகும். இரண்டு முகமும் மெஷின் செய்த கிராங்க் கேஸுக்கு அருமையானது. தகட்டு சேம்பரின் இடைவெளியை அது நிரப்பாது.

நெடுஞ்சாலை_டீசல்

தகடு வளைவது பற்றி நீங்கள் சொன்னது சரி, தம்பி. நான் பார்த்ததெல்லாம் வார்ப்பு சேம்பர்தான். ஆனால் பேக்கிங் போட்டு அதன் இரண்டு பக்கமும் பேஸ்ட் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு அல்லவா? அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

ஸ்பேனர்_சத்தம்

ரப்பர் பேக்கிங் வரும் வண்டியில் அதைச் செய்தால் கெட்டது நடக்கும். ஈரமான சிலிக்கான் வழுக்கும். இறுக்கும்போது ரப்பர் பிதுங்கி உள்ளேயோ வெளியேயோ வந்துவிடும். அந்தப் பேக்கிங்கை உலர்வாகத்தான் போட வேண்டும். டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் மூலை, பின்பக்க சீல் ஹவுசிங் சேரும் மூலை என்று மூன்று பாகங்கள் கூடும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு பேஸ்ட். பேக்கிங்கே இல்லாமல் கம்பெனி வடிவமைத்த சேம்பருக்கு பேஸ்ட் மட்டும்தான். இரண்டையும் கலக்க வேண்டாம்.

அம்பாசிடர்_காதலன்

கார்க் பேக்கிங் போட்ட வண்டிகளுக்காக ஒரு வார்த்தை. பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் பக்கவாட்டுக்கு இரண்டு பேக்கிங், முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடியின் பள்ளத்தில் உட்காரும் கார்க் துண்டுகள் என்று தனித்தனியாக வரும். அவை சந்திக்கும் நான்கு மூலைகளில்தான் ஒழுகும். அங்கே மட்டும் கொஞ்சம் பேஸ்ட் வையுங்கள். கார்க் கடையில் கிடந்து சுருங்கி, துளைகள் பொருந்தாமல் இருந்தால் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். கார்க்கையும் இறுக்கி நசுக்கினால் வெடித்துவிடும்.

அந்த மூன்று பேரிங் எஞ்சினில் பின்பக்க கிராங்குக்கு ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கில் வெட்டியிருக்கும் திருகுப் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் தேயத் தேயப் பின்னால் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், சேம்பர் பேக்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. 2014-ல் உற்பத்தி நின்றுபோன பிறகு நல்ல பேக்கிங் செட் கிடைத்தால் நான் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துவிடுவேன். ஈரமில்லாத இடத்தில் படுக்கப்போட்டு வையுங்கள், ஆணியில் தொங்கவிடாதீர்கள்.

ரொறன்ரோ_கராஜ்

கனடாவில் இருந்து எழுதுகிறன். இங்கே எங்களுக்கு வேற பிரச்சினை. பனிக்காலத்தில் றோட்டில உப்புப் போடுவினம், அது தகட்டு ஒயில் பான், நீங்கள் சொல்லுற சேம்பர், அதை அரிச்சு ஊசித்துளை விழுத்திப்போடும். விளிம்பு நல்லா இருக்கும், அடி ஒழுகும். துரு பிடிச்ச பானுக்கு மேல பேஸ்ட் பூசி நேரம் செலவழிக்க வேண்டாம், புதுசு போடுறதுதான் வழி.

டொயோட்டா கொரோலா போன்றவற்றில கனக்க எஞ்சினுக்குக் கேஸ்கட்டே இல்லை, பேஸ்ட் மட்டும்தான். பேஸ்ட் போட்டு 3 நிமிசத்துக்குள்ள பூட்டச் சொல்லி அவையின்ர புத்தகத்தில இருக்கு. பட்டடை அண்ணை சொன்ன ஐந்து நிமிசத்தையும் மிஞ்சி எண்டைக்கும் போகாதேங்கோ.

கருப்பு_டப்பா

மாட்டிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? எங்கள் ஊரில் மாட்டின உடனே ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள்.

ஸ்பேனர்_சத்தம்

பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வண்டிக்காரர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், வாடகை வண்டி என்றால் அன்றைய வருமானம் போய்விடும். ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்தச் சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் உடனே ஸ்டார்ட் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹோண்டா தன் பேஸ்ட்டுக்குச் சொல்வது: மாட்டி அரை மணி நேரம் கழித்து ஆயில், 3 மணி நேரம் கழித்து ஸ்டார்ட். சாயங்காலம் மாட்டி, காலையில் ஆயில் ஊற்றிக் கொடுத்தால் பட்டறைக்கும் வண்டிக்காரருக்கும் கட்டும்.

பட்டடை

சிலிக்கான் காய்வது வெயிலில் இல்லை, காற்றில் இருக்கும் ஈரத்தில். வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் இறுகும். பல பேஸ்ட்டுகள் முழுப் பலத்துக்கு 24 மணி நேரம் கேட்கின்றன. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் சீக்கிரம் இறுகும். மேல்தோலும் சீக்கிரம் கட்டிவிடும் என்பதால் பூசிவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. வறண்ட காற்றில் இரண்டுமே தாமதம். ட்யூபில் போட்டிருக்கும் நேரத்தைப் பின்பற்றுங்கள். வீட்டு வண்டிக்கு ஒரு நாள் விட்டுவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

ஆம்னி_பவானி

வேலை முடிந்ததுங்க. சேம்பரைக் கண்ணாடியில் கவிழ்த்தபோது ஏறக்குறைய எல்லாத் துளையும் குமிழ்ந்திருந்தது. இடது பக்கம் ஒழுகிய இடத்தில் அரை மி.மீ. கேஜ் தாராளமாக நுழைந்தது. லேத் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டி எடுத்தோம்.

எனக்குப் பயமாக இருந்தது வேறு ஒன்று. ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்பாகப் புழு மாதிரி பேஸ்ட் துண்டுகள் ஒட்டியிருந்தன. வலையில் மூன்றில் ஒரு பங்கு அடைப்பு. முன்பு போட்டது உள்பக்கமாகப் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து அங்கே போயிருக்கிறது. ஸ்ட்ரெய்னர், ஓ-ரிங், டேப்பட் கவர் பேக்கிங் எல்லாம் புதிது போட்டு, ஒரு நாள் விட்டு ஆயில் ஊற்றினோம். இப்போது அடியில் அட்டை விரித்து வைக்கிறேன், காய்ந்தே இருக்கிறது.

பட்டடை

அந்த வலை விஷயத்தை இங்கே எழுதியதற்கு நன்றி. இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனியுங்கள். வெளியே சொட்டும் ஆயிலால் தரைதான் கெடும், அளவு பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். உள்ளே உதிரும் பேஸ்ட் வலையை அடைத்தால் ஆயில் பம்ப்புக்கு ஆயில் போகாது, பேரிங் பிடித்து கிராங்க் வரைக்கும் செலவு வைக்கும். "நிறையப் போட்டால் நிற்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளியே எவ்வளவு பிதுங்கித் தெரிகிறதோ, உள்ளேயும் அவ்வளவு தொங்குகிறது. ஓட்டும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

சேலம்_மலைப்பாதை

இதே இழையில் கேட்கலாமா? என் வண்டியில் அலுமினிய சேம்பர். ஏற்காடு ரோட்டில் கல் அடித்து ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விட்டுவிட்டது. எம்-சீல் வைத்து ஓட்டுகிறேன். இப்படியே விடலாமா?

பட்டடை

வீடு வந்து சேரும்வரைக்கும் சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம். சூட்டில் விரிந்து சுருங்கும்போது எம்-சீல் ஓரம் பெயர்ந்து, ஒரே சமயத்தில் விழுந்துவிடலாம். மலைப்பாதையில் அது நடந்தால் மொத்த ஆயிலும் போய்விடும். கழற்றி, உள்ளும் புறமும் ஆயில் வாடையே இல்லாமல் கழுவி, ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். கீறலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டுவிட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கீறல் நீளும். வெல்டு ஆறிய பிறகு விளிம்பைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், சூட்டில் வளைந்திருக்கும். அலுமினியத்தைச் சுத்தியால் தட்டி நேராக்க முடியாது, உடையும். லேசான வளைவு என்றால் மில்லிங்கில் முகம் எடுத்துத் தருவார்கள். மாட்டுவதற்கு முன் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்து, வெளியே ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.